டிராகுலாவை மறுபடி எப்படிப் படிக்கலாம்?

அலமாரியைத் துடைக்கும்போது பழைய டிராகுலா கையில் சிக்கியது. கல்லூரி நாட்களில் நடைபாதைக் கடையில் வாங்கிய பிரதி. முதுகு விட்டுப்போய், நடுவில் செலோடேப் ஒட்டி, தாள் பழுப்பேறி, புரட்டினாலே தும்மல் வருகிறது. துடைக்கிற துணியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டேன். "மறுபடியுமாடா? கடைசியில அவன் செத்துடுவான்னு தெரியும்ல?" என்றாள் அக்கா.

தெரியும். எந்தக் கத்தியால் சாகிறான் என்பதுகூடத் தெரியும். சினிமாவில் வருவதுபோல் மார்பில் ஆப்பு இறக்கி அவனைக் கொல்வதில்லை. இளம் வக்கீல் ஜோனதன் ஹார்க்கரின் கூர்க்காக் கத்தி கழுத்தில் இறங்குகிறது, அவன் கூட்டாளி குவின்சி மாரிஸின் வேட்டைக் கத்தி நெஞ்சில் பாய்கிறது, அவ்வளவுதான். இத்தனையும் தெரிந்த பிறகும் இந்த வருடம் மறுபடி படிப்பது என்று முடிவாகிவிட்டது. எப்படிப் படிப்பது என்பதில்தான் குழப்பம். அட்டையிலிருந்து அட்டை வரை ஒரே மூச்சில் போகலாம். கதைக்குள் போட்டிருக்கும் தேதிகளின்படி, மே மாதம் தொடங்கி நவம்பர் வரை அந்தந்த நாளில் படிக்கலாம். அடிக்குறிப்புகள் நிறைந்த பதிப்பை வாங்கலாம். காதில் கேட்கலாம். இல்லாவிட்டால் இதை விட்டுவிட்டு இதன் உறவுக்காரப் புத்தகங்கள் பக்கம் போகலாம். எல்லாவற்றையும் வெவ்வேறு வருடங்களில் கொஞ்சமாவது செய்து பார்த்தவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில், முடிவு தெரிந்த திகில் கதையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிராம் ஸ்டோக்கர் 1897 மே 26 அன்று வெளியிட்ட இந்த நாவலில் கதைசொல்லி என்று ஒருவர் கிடையாது. எல்லாம் காகிதங்கள். ஹார்க்கரின் சுருக்கெழுத்து டைரி, அவன் கட்டிக்கொள்ளப்போகும் மினாவின் டைரி, மினாவும் அவள் தோழி லூசியும் எழுதிக்கொள்ளும் கடிதங்கள், மனநலக் காப்பக டாக்டர் சீவர்ட் போனோகிராஃபில் பேசிப் பதிவுசெய்த மெழுகு உருளைகள், ஒரு கப்பலின் பதிவேடு, பத்திரிகைத் துணுக்குகள், தந்திகள். புத்தகத்துக்கே பெயர் கொடுத்தவன் எழுதியதாக நம் கைக்கு வருவது ஒரு வரவேற்புக் கடிதமும், 'எனக்காகக் காத்திருக்க வேண்டாம்' என்கிற மாதிரி ஒரு துண்டுச் சீட்டும்தான். மற்றபடி அவனைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், ஆளுக்குக் கொஞ்சம், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல்.

அதனால் இரண்டாம் தடவை படிக்கும்போது கண் வேறு இடங்களில் நிற்கும். யாருக்கு எந்தத் தேதியில் எது தெரிந்திருந்தது, எது தெரியாமல் இருந்தது என்று பார்க்க ஆரம்பிக்கிறோம். முதல் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. வேலை விஷயமாகத் திரான்சில்வேனியாவில் டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் போகும் வழியில் ஹார்க்கர் ஓர் ஊரில் தங்கி, மிளகாய்த்தூள் போட்ட கோழி சாப்பிடுகிறான். ருசியாக இருக்கிறது, ஆனால் தாகம் எடுக்கிறது. 'மினாவுக்காக இதன் செய்முறையைக் கேட்டு வாங்க வேண்டும்' என்று டைரியில் அடைப்புக்குறிக்குள் குறித்துக்கொள்கிறான். ராத்திரி கெட்ட கனவு வருகிறது, ஜன்னலுக்குக் கீழே நாய் ஊளையிடுகிறது, கூஜாத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டும் தாகம் அடங்கவில்லை. மிளகாய்தான் காரணமோ என்று நினைக்கிறான். பதினேழு வயதில் இந்தப் பக்கத்தை எப்போது கோட்டை வரும் என்ற அவசரத்தில் தாண்டியிருக்கிறேன். இப்போது அந்த அடைப்புக்குறியைத் தாண்ட முடியவில்லை. கல்யாணம் ஆகப்போகிற ஒரு பையன், வருங்கால மனைவிக்காகச் சமையல் குறிப்பு சேர்க்கிறான். அடுத்த நாலு நாளில் என்ன ஆகப்போகிறது என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

இந்த வித்தியாசத்தை எந்த வழி நன்றாக எடுத்துக்கொடுக்கிறது? அதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நேராகப் படிப்பது

ஏறத்தாழ 1,60,000 சொற்கள், 27 அத்தியாயங்கள். நீண்ட வார இறுதி ஒன்று கிடைத்தால் போதும். அக்கா இப்படித்தான் படித்தாள், இரண்டு ராத்திரி, வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று அம்மா திட்டத் திட்ட.

இந்த வழிக்கு ஒரு பலம் உண்டு. ஸ்டோக்கர் காகிதங்களை அடுக்கிய வரிசை தேதி வரிசை கிடையாது. முதல் நாலு அத்தியாயமும் ஹார்க்கரின் டைரிதான், மே 3 முதல் ஜூன் 30 வரை. கோட்டைச் சுவரில் தொற்றி இறங்கித் தப்பப்போகிறேன், இல்லாவிட்டால் சாகிறேன் என்று கடைசியாக எழுதுகிறான். அத்தோடு டைரி நின்றுவிடுகிறது. பக்கத்தைத் திருப்பினால் மே 9-ஆம் தேதி மினா லூசிக்கு எழுதிய சாவகாசமான கடிதம். காலம் பின்னால் போய்விட்டது, இடம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது, அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. ஹார்க்கர் பிழைத்தானா என்பதே பல அத்தியாயம் தாண்டித்தான் தெரியவரும். ஸ்டோக்கர் 27 வருடம் லண்டன் லைசியம் தியேட்டரில் மேலாளராக இருந்தவர். எந்த இடத்தில் திரையை இறக்கினால் ஆட்கள் நாற்காலி நுனிக்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

டிராகுலாவைச் சுமந்து டிமீட்டர் கப்பல் இங்கிலாந்துக்கு வருவதும் அப்படித்தான். விட்பி துறைமுகத்தில் ஆகஸ்ட் மாதப் புயல். பாய் எல்லாம் விரித்தபடி ஒரு கப்பல் தானாக உள்ளே வருகிறது. சுக்கானில் கை கட்டப்பட்டு ஒரு பிணம், கையில் சிலுவை. கப்பல் மோதியதும் பெரிய நாய் ஒன்று குதித்து இருட்டில் ஓடுகிறது. ஊரே பார்க்கிறது. அதற்குப் பிறகுதான் கேப்டனின் பதிவேட்டைத் திறக்கிறார்கள். விடையைக் கண்ணில் காட்டிவிட்டு அப்புறம் கணக்கைச் சொல்லித் தருகிற ஏற்பாடு.

குறை எங்கே என்றால் நடுவில். ஒரே மூச்சில் படிக்கும்போது, லூசிக்கு வைத்தியம் பார்க்க வரும் டாக்டர் வான் ஹெல்சிங்கின் பேச்சு தாங்காது. மனிதர் நல்லவர், ஆனால் சுற்றி வளைக்காமல் ஒரு விஷயத்தையும் சொல்ல மாட்டார். முதல் தடவை, என்ன சொல்லப்போகிறார் என்ற ஆர்வம் நம்மை இழுத்துப்போனது. லூசிக்கு என்ன நோய் என்று முன்பே தெரிந்தவனுக்கு அந்த அத்தியாயங்களில் 'சொல்லித் தொலையேன்யா' என்று வரும். மறுவாசிப்பில் இந்தப் புத்தகத்தை நடுவில் மூடியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மூடியிருப்பார்கள் என்பது என் ஊகம். நானும் ஒருமுறை மூடினேன்.

தேதிப்படி படிப்பது

மே 3 அன்று தொடங்கி, டைரியில் என்ன தேதியோ அன்றைக்கு அந்தப் பகுதியை மட்டும் படித்து, நவம்பர் 6 அன்று முடிப்பது. நாவல் காப்புரிமை தாண்டியது, குட்டன்பெர்க் தளத்தில் 345-ஆம் எண் புத்தகமாக இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தேதியைத் தேடிப் போகலாம். கையில் பிரதி இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, பின்னட்டைக்குள் தேதியும் பக்க எண்ணும் எழுதிவைத்தால் போதும். இது எதற்கும் பொறுமை இல்லை என்றால், தேதி வந்ததும் அந்தப் பகுதியை மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் டிராகுலா டெய்லி என்ற சேவை 2021 முதல் இருக்கிறது.

இப்படிப் படித்தால் என்ன ஆகிறது என்பதற்கு இரண்டு நாட்களைக் காட்டினால் போதும்.

மே 8. ஹார்க்கர் ஜன்னலோரம் சின்னக் கண்ணாடி ஒன்றை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருக்கிறான். தோளில் ஒரு கை விழுகிறது, 'காலை வணக்கம்' என்கிறது ஒரு குரல். திடுக்கிட்டதில் லேசாக வெட்டிக்கொள்கிறான். பின்னால் நிற்பவர் கண்ணாடியில் இல்லை. அறை முழுவதும் தெரிகிறது, பிரபு மட்டும் தெரியவில்லை. முகவாயில் ரத்தம் வழிவதைக் கண்டதும் பிரபு கழுத்தைப் பிடிக்கப் பாய்கிறான். கை சிலுவை கோத்த மணிமாலையில் பட்டதும் அந்த வெறி இருந்த இடம் தெரியாமல் போகிறது. 'எல்லாம் இந்தக் கண்ணாடியால் வந்தது' என்று அதை எடுத்து ஜன்னல் வழியாக வீசுகிறான். கீழே முற்றத்தில் சுக்குநூறாகிறது. ஹார்க்கர் அதற்குப் பிறகு எழுதுவதைப் பாருங்கள்: இனிமேல் எப்படிச் சவரம் செய்வது, கடிகார மூடியைப் பார்த்துச் செய்யலாம், இல்லாவிட்டால் சவரக் கிண்ணத்தின் அடிப்பாகத்தைப் பார்க்கலாம், நல்லவேளை அது உலோகம். வக்கீல் புத்தி, சின்னச் சிக்கலைப் பிடித்துக்கொண்டு பெரியதைத் தள்ளிவைக்கிறது. அன்றைக்கே கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறான். கதவுகள், கதவுகள், எல்லாம் பூட்டு. தான் ஒரு கைதி என்று எழுதுகிறான்.

மே 9. மினா லூசிக்கு எழுதுகிறாள். பள்ளிக்கூட வேலை பெண்டு நிமிர்த்துகிறது. சுருக்கெழுத்தும் தட்டச்சும் பழகிக்கொண்டிருக்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகு ஜோனதனுக்கு உதவியாக இருக்கும். அவனிடமிருந்து அவசரமாக எழுதிய இரண்டு வரி வந்திருக்கிறது. நலமாக இருக்கிறான், இன்னும் ஒரு வாரத்தில் திரும்பிவிடுவான்.

புத்தகத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு அத்தியாயம் கிடக்கிறது. தேதிப்படி படித்தால் நேற்று அது, இன்று இது. நான் முதன்முறை இப்படிப் படித்தபோது மினாவின் கடிதத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பயத்தில் இல்லை. யாராவது அவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா என்ற ஆற்றாமை.

காத்திருப்பும் நிஜமாகிறது. மே 19 அன்று பிரபு ஹார்க்கரிடம் மூன்று கடிதங்கள் எழுதி வாங்குகிறான்: வேலை முடியப்போகிறது, கிளம்பப்போகிறேன், கோட்டையை விட்டுக் கிளம்பிவிட்டேன் என்று. தேதிகளாக ஜூன் 12, 19, 29 போடச் சொல்கிறான். தன் ஆயுள் எத்தனை நாள் என்று இப்போது தெரிந்துவிட்டது என்று ஹார்க்கர் எழுதுகிறான். அதற்கு அடுத்த பதிவு மே 28. நடுவில் மே 24 அன்று லூசி, ஒரே நாளில் மூன்று பேர் தன்னைப் பெண் கேட்டதைக் குதூகலமாக எழுதுகிறாள். மே 31-க்கு அடுத்து ஜூன் 17. அந்த நாட்களில் நாம் வேலைக்குப் போகிறோம், மின்கட்டணம் கட்டுகிறோம், மாம்பழம் வாங்குகிறோம், நடுவில் திடீரென்று அவன் ஞாபகம் வருகிறது. கடைசிப் பதிவான ஜூன் 30-க்கும், புதாபெஸ்ட் மருத்துவமனையில் அவன் உயிரோடு இருக்கிறான் என்று மினா துள்ளிக் குதிக்கிற ஆகஸ்ட் 19-க்கும் நடுவே 50 நாள். நேராகப் படிப்பவருக்கு இது ஒரு மாலைப்பொழுது. மினாவுக்கு 50 நாள்தான்.

இன்னொன்று, இது எதிர்பாராத லாபம். வான் ஹெல்சிங் ஒரு நாளைக்கு ஒருமுறை பேசினால் சகிக்க முடிகிறது.

ஆனால் இந்த முறையைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். இரண்டு இடத்தில் இது சறுக்குகிறது. டிமீட்டரின் பதிவேடு ஜூலை 6-இல் தொடங்குகிறது, கப்பல் கருங்கடல் துறைமுகமான வர்னாவை விட்டுக் கிளம்பும் நாள், சரக்கு மணலும் மண் நிறைத்த பெட்டிகளும். தேதிப்படி போனால் ஜூலை 16 அன்று ஒரு மாலுமியைக் காணோம் என்று படித்துவிடுகிறோம். அப்புறம் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். ஜூலை 24-இல் மினா விட்பிக்கு வந்து, கல்லறை மேட்டு பெஞ்சில் உட்கார்ந்து கடல் பார்க்கும்போது, கடலில் என்ன வருகிறது என்று நமக்குத் தெரியும். இதிலும் ஒரு கிலி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் சுக்கானில் கட்டிய பிணத்தோடு கப்பல் வரும் அந்தப் புயல் ராத்திரி, இவ்வளவும் தெரிந்த பிறகு, ஏற்கெனவே ரிசல்ட் பார்த்த கிரிக்கெட் மேட்ச் மாதிரி ஆகிவிடுகிறது.

இரண்டாவது சறுக்கல், பங்கீடு. செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 4 வரை ஏறத்தாழ ஏழு அத்தியாயங்கள். அக்டோபர் 3 அன்று அலுவலகத்துக்கு விடுப்பு போட்டால்தான் முடியும். சீவர்டின் நோயாளி ரென்ஃபீல்டின் சாவு, மினாவுக்கு நேரும் கொடுமை, லண்டன் வீடுகளில் தேடுதல் எல்லாம் அந்த ஒரே நாளில் வந்து குவிகின்றன. அதற்கு நேர்மாறாகப் பத்து நாள் ஒரு வரிகூட இல்லாத காலமும் உண்டு, பழக்கம் விட்டுப்போகும்.

கடைசியில் டிராகுலா தப்பிப்போகும் கப்பலுக்காக எல்லாரும் வர்னாவில் காத்திருக்கும் பகுதி மட்டும் இந்த முறைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. அக்டோபர் 15-இல் வந்து இறங்குகிறார்கள். 28-ஆம் தேதிதான் தந்தி வருகிறது, கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டது என்று. புத்தகத்தில் சில பக்கங்கள். தேதிப்படி படித்தவனுக்கு இரண்டு வாரம் விரலைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு ஏமாந்த எரிச்சல் அப்படியே வரும்.

சொல்ல மறந்துவிட்டேன். நம் ஊரில் மே 4 என்றால் அக்னி நட்சத்திரம் ஆரம்பம். அதே மே 4 ராத்திரிதான் ஹார்க்கர் போர்கோ கணவாயில் குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு, சுற்றி ஓநாய்கள் நிற்கக் கோச்சு வண்டியில் போகிறான். மின்விசிறி சூடாகச் சுழல அதைப் படிப்பதில் ஒரு தனிச் சுகம்.

குறிப்புரைப் பதிப்பு

இதை விற்பவர்கள் சொல்வதைவிடக் குறைவாகவும், சந்தேகப்படுபவர்கள் நினைப்பதைவிட அதிகமாகவும் பயன் உண்டு. லெஸ்லி கிளிங்கர் குறிப்பெழுதிய 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு பெரியது, கனமானது, படுத்துக்கொண்டு படிக்க முடியாது. நடந்ததெல்லாம் நிஜம், ஸ்டோக்கர் அதை மறைத்து மாற்றி எழுதினார் என்ற பாவனையில் குறிப்புகள் போகும். சிலருக்கு அது விளையாட்டு, சிலருக்கு எரிச்சல். 1997-இல் வந்த நார்ட்டன் பதிப்பு மாணவர்களுக்கானது, அடக்கமானது.

பதிப்பு எதுவானாலும், பின்னணி தெரிந்து படிக்கும்போது சில இடங்கள் திறந்துகொள்கின்றன. லூசிக்கு இரண்டு வார இடைவெளிக்குள் நான்கு ஆண்கள் ரத்தம் கொடுக்கிறார்கள்: அவள் கட்டிக்கொள்ளப்போகும் ஆர்தர், சீவர்ட், வான் ஹெல்சிங், குவின்சி. யாரும் ரத்தப் பிரிவு பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது, லாண்ட்ஸ்டைனர் ரத்தப் பிரிவுகளைப் பற்றி வெளியிட்டது 1901-இல்தான். இன்றைக்குப் படிக்கும் நமக்கு, அவளைக் கொன்றது பிரபுவா டாக்டர்களா என்று ஒரு நொடி தோன்றும். ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் காலமாகிவிட்டார் என்று வான் ஹெல்சிங் போகிறபோக்கில் வருந்துவார். ஷார்கோ இறந்தது 1893 ஆகஸ்ட். கதை நடக்கும் வருடம் எது என்று ஆராய்பவர்கள் பிடித்துக்கொள்ளும் நூல்களில் அதுவும் ஒன்று.

1890-இல் ஸ்டோக்கர் விட்பிக்கு விடுமுறைக்குப் போனதும், அங்கே நூலகத்தில் வில்கின்சன் எழுதிய பழைய வரலாற்று நூல் ஒன்றில் டிராகுலா என்ற பெயரைக் கண்டதும், அதுவரை தன் குறிப்புகளில் பிரபு வாம்பயர் என்று வைத்திருந்த பெயரை அடித்ததும் இந்தப் பதிப்புகளில் கிடைக்கும். 1885-இல் டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் அதே விட்பியில் கரைதட்டியிருக்கிறது. டிமீட்டர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. திரான்சில்வேனியாவுக்கு அவர் போனதே இல்லை.

நல்ல சரக்குதான். ஆனால் ஒவ்வொரு பக்கமும் கண் கீழே இறங்கி மேலே ஏறிக்கொண்டே இருந்தால், மினா நடுராத்திரி கல்லறை மேட்டுக்கு ஓடுவதை நீங்கள் ஓடிப் பார்க்க மாட்டீர்கள். எத்தனை படி என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். (199 படிகள்.) மூன்றாவது, நான்காவது தடவை படிப்பவர்களுக்கு இதைச் சொல்வேன். இரண்டாவது தடவைக்கு வேண்டாம்.

காதால் கேட்பது

15 மணி நேரத்துக்கு மேல் ஓடும். இலவசம் வேண்டுமென்றால் லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்தது இருக்கிறது. காசு கொடுத்தால் 2012-இல் ஆடிபிள் பல நடிகர்களை வைத்து எடுத்தது. டாக்டர் சீவர்டாக ஆலன் கம்மிங், வான் ஹெல்சிங்காக டிம் கரி. விட்பி கிழவர் ஸ்வேல்ஸின் யார்க்‌ஷர் கொச்சை அச்சில் பார்த்தால் தலை சுற்றும், காதில் விழுந்தால் பாதியாவது புரிந்துவிடும். நம் ஊர் வட்டார நாவல்களைச் சத்தம்போட்டுப் படித்தால் விளங்குவதுபோல.

இந்த நாவலைக் கேட்பதற்கு ஒரு தனி நியாயம் இருக்கிறது. சீவர்டின் டைரி முதலிலேயே குரல்தான். செப்டம்பர் 29 அன்று மினா அந்த உருளைகளைப் போட்டுக் கேட்கிறாள். அதில் அவன் லூசிக்காகப் பட்ட வேதனை முழுவதும் குரலில் இருக்கிறது. இதை இனி யாரும் இப்படிக் கேட்கக் கூடாது என்றுதான் அவள் தட்டச்சு செய்துவிடுகிறாள். நாம் அச்சில் படிப்பது அவள் மூடி மறைத்த பிரதி. நல்ல நடிகர் வாசிக்கும்போது அந்த மூடி திறக்கிறது.

குறையும் அதே காட்சியில் இருக்கிறது. மினா ஒரு குறிப்பிட்ட பகுதியைக் கேட்க விரும்பும்போது சீவர்ட் விழிக்கிறான். மாதக்கணக்காகப் பேசிப் பதிவுசெய்தவனுக்கு, அதில் ஒரு இடத்தை எப்படித் தேடி எடுப்பது என்று அன்றைக்கு வரை தோன்றவே இல்லை. போனில் முப்பது விநாடி, முப்பது விநாடியாகப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் அவன் முன்னோடி. மறுவாசிப்பில் நாம் அடிக்கடி பின்னால் போய்ச் சரிபார்ப்போம். அதற்கு ஒலி ஒத்துவராது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு, சமையலறையில் கை வேலையாக இருப்பவர்களுக்குச் சரி.

உறவுக்காரப் புத்தகங்கள்

அதே கதைக்குத் திரும்பத் தயக்கம் இருந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம். ஷெரிடன் லெ ஃபானுவின் கார்மிலா 1872-இல் புத்தகமாக வந்தது, டிராகுலாவுக்கு 25 வருடம் மூத்தது, ஒரு மாலையில் முடிந்துவிடும். அதில் ரத்தக்காட்டேரி ஒரு பெண், அவள் இரையும் பெண், இரண்டு பேருக்கும் நடுவே இருப்பது வெறும் பயம் மட்டும் இல்லை. டிராகுலாவில் இல்லாத ஒரு மென்மை அதில் உண்டு. வேடிக்கை வேண்டுமென்றால் 1901-இல் ஐஸ்லாந்து மொழியில் வந்த டிராகுலா இருக்கிறது. மொழிபெயர்ப்பு என்று பெயர், ஆனால் கதை எங்கெங்கோ போகும், ஜோனதன் தாமஸ் ஆகிவிடுவான், மினா வில்மா ஆகிவிடுவாள். 2017-இல் அது ஆங்கிலத்தில் வந்த பிறகு, அதற்கும் முன்னால் 1899-இல் வந்த ஸ்வீடிஷ் வடிவம் ஒன்றுதான் அதன் மூலம் என்று தெரியவந்தது. ஆர்வக்கோளாறு உள்ளவர்களுக்கு.

நமக்கு இன்னொரு வாசலும் உண்டு. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக் கதை சொல்லும் வேதாளத்தை ரிச்சர்ட் பர்ட்டன் 1870-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது தலைப்பிலேயே அதை வாம்பயர் ஆக்கிவிட்டார். அந்தப் பர்ட்டனை ஸ்டோக்கர் நேரில் சந்தித்துப் பழகியிருக்கிறார், அவர் பேசும்போது மின்னிய கோரைப்பல்லைப் பற்றித் தன் நினைவுக்குறிப்பில் எழுதியும் இருக்கிறார். இதை வைத்து வேதாளம்தான் டிராகுலாவுக்குத் தாத்தா என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். முருங்கை மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் நம் ஆள் யாருடைய ரத்தத்தையும் குடித்ததில்லை.

படம் பார்த்துவிட்டால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: பகல் வெளிச்சம் பட்டால் காட்டேரி செத்துவிடும் என்பது 1922-இல் வந்த நோஸ்ஃபெராட்டு படம் கொண்டுவந்தது. நாவலில் பிரபு செப்டம்பர் மாதப் பகலில், மீசையோடு, வயது குறைந்து, லண்டன் பிக்காடிலியில் நின்று ஒரு பெண்ணை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்படியானால் எது?

முதல் தடவை படித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகி, கதை பாதி மறந்தவர்கள் நேராகவே படியுங்கள். மறதி ஒரு கொடை, அதை மாதக்கணக்கில் துண்டு போட்டு வீணாக்க வேண்டாம். கதை வரிவரியாக ஞாபகம் இருப்பவர்களுக்கு, என்னைப்போல், தேதி முறைதான். பயத்தைத் திருப்பிக் கொண்டுவர எந்த முறையாலும் முடியாது. ஆனால் அந்த ஆட்களோடு சேர்ந்து காத்திருக்க வைப்பது இது ஒன்றுதான். ஆகஸ்ட் 11 விடியற்காலையில், தூக்கத்தில் நடந்துபோன லூசிக்குச் சால்வையைப் போர்த்தி ஊக்கு குத்தும்போது, ஊக்கு கழுத்தில் பட்டுவிட்டதோ என்று மினா தன்னையே நொந்துகொள்கிறாள். லூசியின் கழுத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள். அவள் மன்னிப்புக் கேட்கிறாள், லூசி சிரிக்கிறாள். நேராகப் படிக்கும்போது இது கதைக்கு ஒரு துப்பு. தேதிப்படி படித்தால் அந்த ஊக்கு ஒரு வாரம் மனசுக்குள் குத்திக்கொண்டே இருக்கும்.

'தேதிகள்தான் எல்லாம்' என்று மினாவே ஓரிடத்தில் சொல்கிறாள். எல்லாருடைய காகிதங்களையும் கால வரிசையில் அடுக்கித் தட்டச்சு செய்தவள் அவள். ஆனால் டிமீட்டர் விஷயத்தில் நான் அவள் பேச்சைக் கேட்கப்போவதில்லை. இந்த மே மாதம் தேதிப்படி தொடங்குவேன், கப்பல் பதிவேட்டுப் பக்கங்களுக்கு மட்டும் ரப்பர் பேண்ட் போட்டு மூடிவிட்டு, புயல் வந்து கப்பல் கரைசேர்ந்த பிறகு ஆகஸ்ட்டில் திறப்பேன். அக்டோபர் 3-க்கு விடுப்பு இப்போதே எழுதிவைத்தாயிற்று. மற்ற நாட்களில் சீவர்டை மட்டும் காதில் கேட்கலாமா என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்காவும் சேர்ந்துகொள்கிறாள். இரண்டு ராத்திரியில் முடித்தவள் ஆறு மாதம் தாங்குவாளா என்று தெரியவில்லை. "மே மூணாம் தேதி ராத்திரி அந்த மிளகாய்க் கோழிய நான் செஞ்சிடறேன், நீ வெங்காயம் உரிச்சுக் குடு" என்றிருக்கிறாள். பூண்டு போடுவதா வேண்டாமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.